அமைச்சர் கொண்டுவராத சட்டம்



இந்த வாரக் கருத்தரங்கிற்கு நாம் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: நாடாளுமன்றத்தில் ஒரு தனி உறுப்பினரால் என்ன செய்துவிட முடியும்?

நாடாளுமன்றம் என்றதும் நமக்கு அமைச்சர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். வரவுசெலவுத் திட்டம் அறிவிக்கும் நாளில் நிதியமைச்சரின் உரையை ஆவலோடு பார்க்கிறோம். நமக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறோம். ஆனால் பின்வரிசையிலிருந்து ஓர் உறுப்பினர் எழுந்து பேசும்போது, பெரும்பாலும் அலைவரிசையை மாற்றிவிடுகிறோம். ‘இவர் பேசி என்ன ஆகப்போகிறது?’ என்ற எண்ணம்.

அந்த எண்ணம் சரியா என்பதற்கு நம் சிங்கப்பூரிலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. அதுதான் பெற்றோர் பராமரிப்புச் சட்டம்.

ஆறு பேரில் ஒருவர்

1990ல் அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டு, நியமன நாடாளுமன்ற உறுப்பினர் திட்டம் நடப்புக்கு வந்தது. தேர்தலில் நிற்காமல், கட்சி சாராமல், தங்கள் துறையில் பெயர் பெற்றவர்கள் மன்றத்துக்குள் வர வழி செய்யப்பட்டது. முதலில் இருவர் வந்தார்கள். 1992ல் ஆறு பேர் நியமிக்கப்பட்டார்கள். அந்த ஆறு பேரில் ஒருவர் வால்டர் வூன். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தவர். இன்னொருவர் டாக்டர் கன்வல்ஜித் சோயின். எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர், ‘அவேர்’ என்ற மாதர் அமைப்பின் முன்னாள் தலைவர், நியமன உறுப்பினரான முதல் பெண்மணி.

இவர்களுக்குத் தொகுதி கிடையாது. அரசமைப்புச் சட்டத் திருத்தம், நிதி மசோதா, நம்பிக்கையில்லாத் தீர்மானம் போன்றவற்றில் வாக்களிக்கும் உரிமையும் கிடையாது. பிறகு என்னதான் இருக்கிறது? பேசலாம், கேள்வி கேட்கலாம், மசோதா கொண்டுவரலாம். மற்ற உறுப்பினர்களுக்கும் இந்தக் கடைசி உரிமை உண்டு. ஆனால் அதைப் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு.

காரணம் எளிது. ஓர் அமைச்சர் மசோதா கொண்டுவந்தால், அவருக்குப் பின்னால் ஒரு முழு அமைச்சே நிற்கும். சட்ட வாசகம் எழுத ஆள் இருக்கும், புள்ளிவிவரம் திரட்ட ஆள் இருக்கும். தனி உறுப்பினருக்கு அந்த வசதி இல்லை. அவர் கொண்டுவரும் மசோதாவால் அரசாங்கப் பணம் செலவாகும் என்றால், அதற்கு அரசாங்கத்தின் பரிந்துரையும் வேண்டும். மன்றத்தில் பெரும்பான்மையினரை இணங்க வைப்பது அதற்கெல்லாம் மேற்பட்ட வேலை.

அன்புக்குச் சட்டமா?

1994ல் வால்டர் வூன் பெற்றோர் பராமரிப்பு மசோதாவை மன்றத்தின் முன் வைத்தார். வயதான பெற்றோர் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள முடியாத நிலைக்கு வந்தால், வசதியுள்ள பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோர அவர்களுக்குச் சட்ட உரிமை இருக்க வேண்டும். இதுவே மசோதாவின் சாரம்.

அது சாதாரண விவாதமாக இருக்கவில்லை. சட்டம் போட்டு அன்பை வரவழைக்க முடியுமா என்ற கேள்வி மன்றத்துக்குள்ளும் எழுந்தது, வெளியிலும் எழுந்தது. நம் பண்பாட்டில் பெற்றோரைப் பேணுவது கடமை, அதைச் சட்டமாக எழுதினால் நம்மை நாமே தாழ்த்திக்கொள்வதாகாதா என்றார்கள் சிலர். பிள்ளைகளையும் வளர்த்து, பெற்றோரையும் தாங்கும் நடுவயதினரின் சுமை கூடாதா என்றார்கள் வேறு சிலர். சிறுவயதிலேயே மனைவி மக்களைத் தவிக்க விட்டுப் போன தகப்பன், அறுபது வயதில் திரும்பி வந்து காசு கேட்டால் கொடுக்கத்தான் வேண்டுமா? இந்தக் கேள்விக்கும் பதில் தேவைப்பட்டது.

நேயர்களே, ‘தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு’ என்று நம் பாட்டிமார்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். உறவு எவ்வளவு நெருக்கமானாலும் பசி தனித்தனிதான் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இந்த மசோதாவும் அந்த இடத்தில்தான் நின்றது. பாசத்தை வாங்கித் தருவதாக அது சொல்லவில்லை, சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் வழி கேட்டது.

தெரிவுக்குழுவின் வேலை

மசோதா இரண்டாம் வாசிப்பைக் கடந்த பிறகு தெரிவுக்குழுவிடம் அனுப்பப்பட்டது. பலருக்குத் தெரியாத ஒரு மேடை இது. பொதுவாக ஒரு மசோதா மூன்று வாசிப்புகளைக் காண வேண்டும். முதல் வாசிப்பில் அது அறிமுகமாகிறது. இரண்டாவதில் அதன் நோக்கம் விவாதிக்கப்படுகிறது. அதன்பின் பிரிவு பிரிவாக ஆராயும் கட்டம் வருகிறது. பல மசோதாக்களுக்கு இந்தக் கட்டம் மன்றத்திலேயே சட்டென்று முடிந்துவிடும். மக்களைப் பெரிதும் பாதிக்கும் மசோதா என்றால் தெரிவுக்குழு அமைக்கப்படும். பொதுமக்களும் அமைப்புகளும் கருத்துகளை எழுத்தில் அனுப்பலாம். குழு அழைத்தால் நேரில் சென்று சாட்சியம் சொல்லலாம்.

மன்ற விவாதத்தில் கைதட்டல் கிடைக்கும். தெரிவுக்குழுவில் அது கிடைக்காது. ‘பராமரிப்பு’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்? எந்த வயதிலிருந்து? பிள்ளைக்கு வேலை போய்விட்டால் என்ன செய்வது? இப்படி ஒவ்வொரு சொல்லாக உரசிப் பார்க்கும் இடம் அது. ஒரு நல்ல எண்ணம், நடைமுறையில் நிற்கக்கூடிய சட்டமாக மாறுவது அங்கேதான்.

1995 நவம்பரில் மசோதா நிறைவேறியது. சுதந்திரத்துக்குப் பிறகு, தனி உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த மசோதா பொதுச் சட்டமானது அதுவே முதல் முறை. 1996 ஜூன் முதல் தேதி சட்டம் நடப்புக்கு வந்தது.

விவாதத்தில் எழுந்த அச்சங்களுக்குச் சட்டத்தில் பதில் இருப்பதைக் கவனியுங்கள். 60 வயதைத் தாண்டி, தங்களைப் பராமரித்துக்கொள்ள இயலாத பெற்றோர் மனுச் செய்யலாம். நீதிமன்றப் படியேறாமல், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லாமல், தனி நடுவர் மன்றத்தில் முறையிடலாம். பிள்ளை தன் தேவையையும் தன் மனைவி மக்களின் தேவையையும் கவனித்த பிறகு கொடுக்க முடியுமா என்பது பார்க்கப்படும். மாதத் தொகையாகவோ மொத்தத் தொகையாகவோ உத்தரவிடலாம். பிள்ளையைக் கைவிட்டவர், கொடுமைப்படுத்தியவர், புறக்கணித்தவர் என்று தெரிந்தால் மனுவைத் தள்ளவோ தொகையைக் குறைக்கவோ நடுவர் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. எதிர்த்துப் பேசியவர்களின் கவலைகளுக்கும் இந்தச் சட்டத்தில் இடம் கிடைத்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

தோற்ற மசோதாவின் வெற்றி

இனி டாக்டர் சோயினைப் பற்றி. அதே 1995ல் அவர் குடும்ப வன்முறை மசோதாவைக் கொண்டுவந்தார். வீட்டுக்குள் நடக்கும் அடி உதையை ‘குடும்ப விவகாரம்’ என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பது அவர் வாதம். கணவன் மனைவிக்கு மட்டுமல்லாமல் குடும்பத்தில் மற்றவர்களுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்றார். மன்றம் அந்த மசோதாவை ஏற்கவில்லை. தோற்றுப் போனது.

கதை அதோடு முடியவில்லை. 1996ல் அரசாங்கம் மாதர் சாசனத்தைத் திருத்தியபோது, குடும்ப வன்முறை குறித்த விரிவான விதிகள் அதில் இடம்பெற்றன. தோற்ற மசோதாவின் கருத்துகள் பல அதில் உயிர்பெற்றன. அந்தத் திருத்தங்கள் 1997ல் நடப்புக்கு வந்தன. வீட்டில் அடிபடும் வயதான தாயோ தகப்பனோ பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம் என்ற நிலையும் உண்டானது. மசோதா போட்ட உறுப்பினர் வாக்கெடுப்பில் தோற்றார், அடிபட்டவர்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. எது முக்கியம் என்று நீங்களே சொல்லுங்கள்.

காலத்தோடு நடந்த சட்டம்

பெற்றோர் பராமரிப்புச் சட்டம் அதன்பின் இரண்டு முறை பெரிய அளவில் திருத்தப்பட்டது. இரண்டு முறையும் அமைச்சர் எவரும் மசோதா கொண்டுவரவில்லை. திரு சியா கியன் பெங் முன்னின்று, சக உறுப்பினர்களுடன் சேர்ந்து, தனி உறுப்பினர் மசோதாவாகவே கொண்டுவந்தார். 2010ஆம் ஆண்டுத் திருத்தம், நடுவர் மன்றத்துக்குப் போகுமுன் சமரசப் பேச்சை முதல் படியாக்கியது. குடும்பத்தை உடைக்காமல் தீர்த்துவைக்க முடியுமா என்று முதலில் பார்ப்போம் என்பதே அதன் நோக்கம்.

2023ஆம் ஆண்டுத் திருத்தம் வேறொரு பக்கத்தைப் பார்த்தது. தங்களைக் கொடுமைப்படுத்திய, கைவிட்ட பெற்றோரே மனுச் செய்யும்போது, பிள்ளைகள் பழைய காயத்தை மீண்டும் கிளற வேண்டியிருந்தது. அத்தகைய பின்னணி உள்ள பெற்றோர் முதலில் நடுவர் மன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும் என்று விதி வந்தது. 1994ல் கேட்கப்பட்ட அந்தக் கேள்வியை, ஏறத்தாழ முப்பது ஆண்டுக்குப் பிறகும் மன்றம் மறக்கவில்லை.

நேயர்களே, ‘பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு’ என்போம். பித்துப் பிடித்த அந்த மனம் பிள்ளையைக் காட்டிக்கொடுக்க மறுக்கும். ‘பிள்ளைமேல் வழக்குப் போடுவதா, ஊர் என்ன சொல்லும்?’ என்று வாயைக் கட்டிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் நம் சமூகத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்லுங்கள்: வழக்குக்கு முன்னால் சமரசம் இருக்கிறது. பிள்ளையைக் கூண்டில் ஏற்றாமல், பேசித் தீர்க்கவே அந்த வழி. அக்கம்பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்தால், இந்தச் செய்தியை அவர் காதில் போடுவது நம் பொறுப்பு.

இன்னொரு பொறுப்பும் உண்டு. நாடாளுமன்ற விவாதங்கள் அச்சிலும் இணையத்திலும் நமக்காகவே பதிவாகின்றன. தமிழ் நம் அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று, மன்றத்தில் ஒலிக்கும் மொழி. அடுத்த முறை ஒரு தெரிவுக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கும்போது, அது நமக்கில்லை என்று இருந்துவிடாதீர்கள். தொகுதியும் இல்லாமல், அமைச்சும் இல்லாமல், ஓர் ஆசிரியரும் ஒரு மருத்துவரும் மன்றத்தில் எழுந்து கேட்டார்கள். அதன் பலனை இன்று எத்தனையோ வீடுகள் அனுபவிக்கின்றன.

உங்கள் கருத்துகளையும் எழுதி அனுப்புங்கள்.