வானத்தின் பெயரால்

தொடக்கநூலில் வரும் யோசேப்பின் வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கொழுத்த பசுக்கள் ஏழையும் மெலிந்த பசுக்கள் ஏழையும் பார்வோன் கனவில் கண்டான். வளமான ஏழு ஆண்டுகளை அடுத்துப் பஞ்சம் மிகுந்த ஏழு ஆண்டுகள் வரும் என்று யோசேப்பு அதற்குப் பொருள் கூறினார். களஞ்சியங்கள் நிரம்பின. பஞ்சம் வந்தது. எகிப்து பிழைத்துக்கொண்டது. மறையுரைகளில் பெரும்பாலும் இந்த அளவோடு கதை நின்றுவிடுகிறது. அதே நூலின் 47ஆம் அதிகாரம் மேற்கொண்டு நடந்ததைச் சொல்கிறது. தானியம் வாங்க மக்கள் முதலில் பணத்தைக் கொடுத்தார்கள். பணம் தீர்ந்ததும் ஆடுமாடுகளைக் கொடுத்தார்கள். இறுதியில் நிலத்தையும் தங்களையுமே கொடுத்தார்கள். பஞ்சத்தின் முடிவில் குருக்களின் நிலம் நீங்கலாக எகிப்தின் நிலம் முழுவதும் பார்வோனுக்கு உரியதாயிற்று.

யோசேப்பின் முன்னறிவிப்பு உண்மையானது. அந்த உண்மையைக் கொண்டு அரண்மனை கொழுத்ததும் உண்மையே. இவ்விரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்வது எளிதன்று. காலநிலை மாற்றத்தைப் பற்றி இன்று நடைபெறும் வாதங்களில் இந்தக் கடினத்தை நாம் கண்கூடாகக் காண்கிறோம். 'இது செல்வ நாடுகள் நம்மை முன்னேறவிடாமல் தடுக்கச் செய்யும் சூழ்ச்சி' என்பார் ஒரு சாரார். 'ஐயம் எழுப்புவதே அறியாமை' என்பார் மறு சாரார். திருவண்ணாமலை வட்டாரத்தின் கடந்த 150 ஆண்டு வரலாற்றைப் புரட்டினால், இரு சாரார்க்கும் அதில் பாடம் உண்டு.

தாது ஆண்டும் சூரியப் புள்ளிகளும்

1876ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் பருவமழை பொய்த்தது. தமிழ்க் கணக்கில் அது தாது ஆண்டு. 1878 வரை நீடித்த அந்தக் கொடுமையை நம் முன்னோர் 'தாது வருடப் பஞ்சம்' என்றே அழைத்தனர். இன்றைய திருவண்ணாமலை மாவட்டம் 1989இல் உருவானது. அன்று அதன் வட்டங்கள் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு என்னும் இரு மாவட்டங்களில் பிரிந்து கிடந்தன. வற்றாத ஆறு இல்லாத பூமி இது. ஏரி நிரம்பினால் நெல். நிரம்பாவிட்டால் நிலமுடையோருக்குக் கடன், நிலமற்றோருக்குப் பட்டினி. ஏரிகள் வறண்டதும் கூலி வேலை நின்றது. விலை ஏறிய தானியத்தை வாங்கக் கையில் காசில்லாமல் மக்கள் சாலைகளில் விழுந்து மடிந்தனர். சேத்துப்பட்டில் பணியாற்றிய பிரெஞ்சு மறைபணியாளர் தாராஸ் அடிகளாரை இன்றும் நன்றியோடு நினைக்கும் குடும்பங்கள் பலவற்றின் வரலாறு அந்தப் பஞ்ச காலத்தில்தான் தொடங்குகிறது. பிரித்தானிய இந்தியா முழுவதிலும் 50 இலட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது கணிப்பு.

அரசு என்ன செய்தது? 1877 சனவரி முதல் நாளன்று, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்க வைசிராய் லிட்டன் டில்லியில் பெருவிழா நடத்திக்கொண்டிருந்தார். தானிய வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்பது அவருடைய கொள்கை. ஏற்றுமதி நிற்கவில்லை. செலவைக் கட்டுப்படுத்தச் சென்னைக்கு அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்வோரின் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். பின்னர்தான் கூலி சற்றே உயர்ந்தது.

இந்த வேளையில் ஒரு புதிய விளக்கம் எழுந்தது. அரசின் புள்ளிவிவரத் துறைத் தலைவரான வில்லியம் ஹண்டர் 1877இல் தென்னிந்தியப் பஞ்சங்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. சென்னையின் மழையும் அதே சுழற்சியில் கூடிக் குறைகிறது. ஆகவே பஞ்சம் சூரியனின் போக்கைச் சார்ந்தது என்பது அவர் முடிவு. புகழ்பெற்ற வானியலாளர் நார்மன் லாக்யரும் அவரோடு சேர்ந்து எழுதினார். ஹண்டரின் ஆர்வம் நேர்மையானதாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்த விளக்கம் அரசுக்கு எத்துணை வசதியாக அமைந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். குற்றம் சூரியனுடையது என்றால், வரி வாங்கியவரையும் ஏற்றுமதியை அனுமதித்தவரையும் யார் கேட்பார்?

அந்த முடிவை மறுத்தவர்களில் ஒருவர் அரசின் உயர் அலுவலரே என்பது வியப்பு. ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி 1877இலேயே சென்னை மழைக் கணக்கை எடுத்து ஆராய்ந்து, சூரியப் புள்ளிகளோடு அதற்குக் கூறப்படும் பொருத்தம் உறுதிப்படவில்லை என்று காட்டினார். அவருடைய தலைமையில் அமைந்த பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை அளித்தது. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் உணவு இருந்தது. வேலையும் கூலியும் அற்றுப்போனதே ஏழைகளைக் கொன்றது என்னும் கருத்தை அவ்வறிக்கையில் காண்கிறோம்.

வறட்சிக்கு இயற்கைக் காரணம் இல்லாமல் இல்லை. இந்திய வானிலைத் துறைக்கு 1904 முதல் 1924 வரை தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர், பசிபிக் பெருங்கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே காற்றழுத்தம் தராசுத் தட்டுகளைப் போல் ஏறி இறங்குவதைக் கண்டறிந்தார். பெரு நாட்டுக் கடலோரம் வெப்பமடையும் நிகழ்வோடு அது பின்னர் இணைத்து அறியப்பட்டது. கிறித்துமசு காலத்தில் வருவதால் அந்நாட்டு மீனவர் அதற்குக் குழந்தை இயேசுவை நினைத்து 'எல் நினோ' என்று பெயரிட்டிருந்தனர். 1877இல் வலிமைமிக்க எல் நினோ ஒன்று நிகழ்ந்தது என்பதை இன்றைய அறிவியல் ஏற்கிறது. மழை பொய்த்ததற்கு வானமும் கடலும் காரணம். இத்தனை பேர் மடிந்ததற்கு மனிதரின் முடிவுகள் காரணம்.

பஞ்ச நிவாரணத்திற்கென்று 1878இல் வணிகர்மீது புதிய வரி விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஆப்கானியப் போர் மூண்டது. பஞ்சத்தின் பெயரால் திரட்டிய பணம் போருக்குத் திருப்பப்பட்டது என்ற குற்றச்சாட்டு இந்தியாவிலும் இங்கிலாந்திலும் எழுந்தது. இயற்கையின் பெயரால் விதிக்கப்படும் வரியை மக்கள் ஐயத்தோடு நோக்குவது நேற்று முளைத்த வழக்கமன்று.

மழைக்காகக் காடு, காட்டுக்காகச் சட்டம்

காடு அழிந்தால் மழை குறையும் என்னும் கருத்து அக்காலத்தில் பரவலாக இருந்தது. அதில் ஓரளவு உண்மை உண்டு. மரமற்ற மலையில் நீர் தங்காது; ஊற்றுகள் வற்றும்; மண் கரைந்து ஏரிகள் தூர்ந்துபோகும். ஆனால் இந்த உண்மையை ஏந்தி வந்தவர்களுக்கு வேறு தேவைகளும் இருந்தன. சென்னையிலிருந்து மேற்கே சென்ற இருப்புப் பாதை 1860களில் ஜோலார்பேட்டையைத் தாண்டியது. தண்டவாளத்திற்குக் கட்டைகள் வேண்டும். இயந்திரத்திற்கு விறகு வேண்டும். ஜவ்வாது மலை அருகிலேயே இருந்தது.

1871இல் காட்டுச் சட்டம் பற்றிக் கருத்துக் கேட்கப்பட்டபோது, மாகாணத்தின் வருவாய் வாரியமே தயங்கியது. ஊர்களின் எல்லைக்குள் அடங்காத காடு அரிது. அவற்றில் மக்களுக்குத் தொன்றுதொட்ட உரிமை உண்டு. அரசுக்குத் தனி உடைமை இருந்ததாகத் தெரியவில்லை என்பது வாரியத்தின் நிலை. பஞ்சம் வந்து அந்தக் குரலை அமுக்கிவிட்டது. 1882இல் சென்னை வனச் சட்டம் நிறைவேறியது. ஜவ்வாது மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மலையாளி மக்கள் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் சாகுபடிக்கும் அனுமதி கேட்டு நிற்பவர்களாயினர். மழையைக் காக்கும் கடமை ஏழைக்கு. மரத்தின் விலை கருவூலத்திற்கு. அவர்களைப் போன்றோரின் உரிமையை ஏற்கும் வன உரிமைச் சட்டம் 2006இல்தான் வந்தது.

நெல் வயலின் மீது குற்றம்

ஒரு நூற்றாண்டு கடந்தது. 1990இல் அமெரிக்காவின் உலக வள நிறுவனம் தன் அறிக்கையில், புவியை வெப்பமாக்கும் வாயுக்களை வெளியிடும் முதன்மையான நாடுகளின் வரிசையில் இந்தியாவையும் வைத்தது. காரணங்களுள் நம் நெல் வயல்களும் கால்நடைகளும் இருந்தன. தேங்கிய நீரின் அடியில் காற்றுப்படாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. நெற்பயிரின் தண்டு வழியே அது வெளியேறுகிறது. மாடுகள் அசைபோடும்போதும் மீத்தேன் வருகிறது. இது மறுக்கவியலாத அறிவியல். நெல்லும் மணிலாவும் பாலுமே வாழ்வான நம் மாவட்டத்து உழவர், தம்மை அறியாமலேயே உலக நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றனர்.

டில்லியைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல் இதற்கு மறுமொழி எழுதினர். ஏழை உழவன் உயிர்வாழ்வதற்காக வெளியிடும் வாயுவையும், செல்வர் ஊர்தி ஓட்டி வெளியிடும் வாயுவையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்டனர். வளிமண்டலம் மனித குலம் முழுவதற்கும் பொதுவானது. தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடுவதே நீதி என்றனர். இதைச் சுற்றுச்சூழல் காலனியம் என்று பெயரிட்டே அழைத்தனர். 1992இல் ரியோ மாநாட்டில் ஏற்கப்பட்ட உடன்படிக்கை, பொறுப்பு அனைவர்க்கும் பொது, ஆயினும் அளவு வேறு என்னும் நெறியைக் கொண்டிருந்ததில் இத்தகைய குரல்களுக்குப் பங்கு உண்டு.

இதைவிட நம்மைக் கவர்வது தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஏ. பி. மித்ரா செய்த செயல். இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 380 இலட்சம் டன் மீத்தேனை வெளியிடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை மதிப்பிட்டிருந்தது. பிற நாட்டு வயல்களில் அளந்ததை நம் நிலப்பரப்பால் பெருக்கிக் கிடைத்த எண் அது. மித்ராவும் அவர் தோழர்களும் 1991இல் நம் நாட்டு வயல்களிலேயே கருவிகளை வைத்து அளந்தனர். கிடைத்த விடை ஏறத்தாழ 40 இலட்சம் டன்; பத்தில் ஒரு பங்கு. நம் வயல்களில் பல இடையிடையே காய்கின்றன; மண்ணில் மட்கும் குறைவு. ஏரிப் பாசனத்தில் முறை வைத்து நீர் பாய்ச்சுகிற எந்த உழவருக்கும் தெரிந்த செய்தியை ஆய்வகம் உறுதி செய்தது.

மித்ரா அறிவியலைப் பொய் என்று சொல்லவில்லை. நெல் வயலில் மீத்தேன் இல்லை என்றும் சொல்லவில்லை. அளந்து பார்த்தார். ஸ்ட்ரேச்சி சூரியப் புள்ளிகளுக்குச் செய்ததும் இதுவே. நேர்மையான ஐயம் கருவியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போகிறது.

விலைக்கு வந்த ஐயம்

விலைக்கு வாங்கப்பட்ட ஐயமும் உண்டு. எக்சான் எண்ணெய் நிறுவனத்தின் சொந்த அறிவியலாளர் 1970களின் இறுதியிலிருந்தே புவி வெப்பமாவதைக் கணித்து நிறுவனத்திற்கு அறிவித்திருந்தனர். ஆயினும் 1989இல் எண்ணெய், நிலக்கரி, ஊர்தி நிறுவனங்கள் கூட்டமைப்பு ஒன்றை அமைத்து, அறிவியல் இன்னும் தெளிவாகவில்லை என்று பல ஆண்டுகள் பரப்பின. 1997இல் அமெரிக்க மேலவை, வளரும் நாடுகளையும் கட்டுப்படுத்தாத உடன்படிக்கையை ஏற்பதில்லை என்று 95க்கு 0 என்ற கணக்கில் தீர்மானித்தது. 2015ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கையிலிருந்து விலக 2025 சனவரியில் அந்நாட்டு அதிபர் இரண்டாம் முறையாக ஆணையிட்டார். ஏழை நாட்டு உழவரின் நியாயமான ஐயமும், எண்ணெய் வணிகரின் ஆதாய ஐயமும் ஒரே சொற்களைப் பேசுகின்றன. இரண்டையும் பிரித்தறிய, பேசுபவரின் இழப்பு என்ன, இலாபம் என்ன என்று கேட்டாக வேண்டும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல் இந்த இரு முனைகளையும் தொட்டது. புவி வெப்பமடைவதில் மனிதச் செயலுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை அவர் ஏற்றார். அதே மடலில், வசதி குறைந்த நாடுகள்மீது தாங்கவியலாத சுமைகளை ஏற்றும் திட்டங்களையும், கார்பன் உரிமங்களை வாங்கி விற்கும் முறையையும் கண்டித்தார். அந்த வணிகம் உண்மையான மாற்றத்தைத் தராமல் புதிய சூதாட்டமாகிவிடக்கூடும் என்று எச்சரித்தார். அறிவியலை நம்பியவரே கொள்கையை ஐயுற்றார்.

மலை சரிந்த மாலை

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் மாலை, கொட்டிய மழையில் அண்ணாமலையின் அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்தன. ஏழு பேர் மாண்டனர். அவர்களில் ஐவர் சிறுவர் சிறுமியர். ஒவ்வொரு கார்த்திகையிலும் உச்சியில் தீபம் ஏறும் அந்த மலையைச் சமயம் கடந்து நாம் அனைவரும் அண்ணாந்து பார்த்தே வளர்ந்திருக்கிறோம். அந்த ஆண்டின் தீபத்திற்குச் சில நாள்களே எஞ்சியிருந்தன.

காற்றின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். கனமழைகள் மேலும் கனக்கும் என்ற எச்சரிக்கையை ஏளனம் செய்ய இனி நமக்கு உரிமையில்லை. ஆனால் 'எல்லாம் காலநிலை மாற்றம்' என்ற சொல்லோடு பேச்சு முடியுமானால், அது 1877இன் சூரியப் புள்ளியாகிவிடும். சரிவில் வீடு கட்டும்படி ஏழைகளைத் தள்ளியது எது? அவர்களுக்குச் சமதளத்தில் மூன்று சென்டு நிலம் ஏன் கிடைக்கவில்லை? மலையிலிருந்து இறங்கும் நீர் செல்ல வழி இருந்ததா? இக்கேள்விகளுக்கு விடை வானத்தில் இல்லை. அலுவலகக் கோப்புகளில் இருக்கிறது.

மழைமானி இன்று எவர் கையிலும் இருக்கலாம். பங்குகளில் ஏரியின் நீர்மட்டத்தையும் கிணற்றின் ஆழத்தையும் இளைஞர்கள் ஆண்டுதோறும் குறித்து வைக்கலாம். காலநிலையின் பெயரால் வரும் ஒவ்வொரு திட்டத்தையும், யார் அளந்தார், யார் கொடுக்கிறார், யார் பெறுகிறார் என்று மூன்று கேள்வி கேட்டு ஏற்கலாம் அல்லது எதிர்க்கலாம். பஞ்சம் வரும் என்று சொன்ன யோசேப்பை எகிப்து நம்பியது, அதனால் பிழைத்தது. களஞ்சியத்தின் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று மட்டும் அங்கு எவரும் கேட்கவில்லை. நாம் கேட்போம்.