பிடியரிசிக் காணிக்கை

உலை வைக்கும் வேளையில் அன்றைய அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியைத் தனிப்பானையில் போட்டு, சேர்ந்ததைச் சபைக்குக் கொடுக்கும் தமிழ்க் கிறித்தவ வழக்கமே பிடியரிசிக் காணிக்கை. திருநெல்வேலிச் சீமைச் சபைகளில் இது வேரூன்றியது. அரிசியை விற்றோ ஏலம் விட்டோ கிடைக்கும் பணம் ஏழைகளுக்கும் ஊழியத்துக்கும் போகும். வருமானத்தில் பத்தில் ஒன்றைக் காணிக்கையாக்கும் தசமபாகத்தைச் சம்பளக்காரர் எளிதில் கணக்கிட்டுவிடலாம். ஆனால் ரொக்கமே கண்ணில் படாத கூலி வீடுகளில் பெண்ணின் பொறுப்பில் இருந்தது அரிசிப்பானைதான். ஆகவே இதைப் பெண்களின் கொடை என்பதே பொருந்தும்.

இதற்கு ஆதாரமாகச் சபைகளில் எடுத்துக்காட்டப்படுபவை, இரண்டு காசு போட்ட ஏழை விதவையும் (மாற்கு 12) வறுமையிலும் வாரி வழங்கிய மக்கெதோனியா சபைகளும் (2 கொரிந்தியர் 8). இரண்டிலும் கொடுப்பவர் ஏழை.

ஏழையும் கொடுக்க வேண்டும் என்பதை ஒரு திருச்சபையின் நடைமுறையாகவே ஆக்கியவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா (1874–1945). திருநெல்வேலிப் பகுதியின் வெள்ளாளன்விளையில் பிறந்த அவர் ஒய்.எம்.சி.ஏ. செயலராக இருந்தார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறித்தவர்கள் தங்கள் சொந்தச் செலவில் தமிழகத்தின் தொண்டிப் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பி வருவதைக் கண்டார். அதைவிடப் பெரிய திருநெல்வேலிச் சபை அவ்வாறு செய்யாதது அவரை உறுத்தியது. அவரது முயற்சியால் 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவானது. ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையவை. நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல் வட்டாரம் அதன் களமாயிற்று. பிறரைப் போகச் சொல்லிக்கொண்டிருந்த அசரியா, 1909இல் தம் ஒய்.எம்.சி.ஏ. பதவியை விட்டுத் தாமே அங்குப் போனார், தெலுங்கு கற்றார். 1912 டிசம்பர் 29 அன்று ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

இடையில், 1910 எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், உடைமையையும் உடலையும் கொடுத்த மிஷனெரிகள் நட்பையும் கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்டது பலருக்குக் கசந்தது. மேலிருந்து வரும் கொடை பெறுபவரைக் கீழேயே வைத்துவிடும் என்ற கவலை அதில் இருந்தது. தோர்ணக்கல்லில் திருமுழுக்குப் பெற்றவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகத்துக் கூலிகள். அவர்களிடம் காணிக்கை கேட்பது கொடுமை என்று தோன்றலாம். அசரியா எதிர்மாறாக நினைத்தார்: வாங்கியே பழகியவர் ஒரு பிடியாவது கொடுக்கும்போதுதான் சபை அவருடையதாகும். பணமில்லாதவர் தம் நாள்களைக் கொடுக்கலாம். ஆண்டுக்கொரு முறை ‘சாட்சி வார’த்தில் எளிய விசுவாசிகளும் சுவிசேஷம் சொல்ல அயலூர் சென்றனர். தோர்ணக்கல் பேராலயம் மெல்ல எழுந்து 1939இல்தான் பிரதிஷ்டை ஆயிற்று. கொடை பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் அவர் மறைந்த பின்னும் வெளிநாட்டில் பதிப்பிக்கப்பட்டது.

பிடியரிசியால் எல்லாம் நடந்துவிடவில்லை. பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அயல்நாட்டுப் பணம் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது.

மிசோரத்தில் இதே வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களால் தொடங்கப்பட்டு, இன்று ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் தருகிறது. தமிழகத் தென்மாவட்டங்களில் அரிசிப்பானையின் இடத்தைப் பெரிதும் காணிக்கை உறையும் உண்டியலும் பிடித்துவிட்டன. விளைபொருளைக் கொண்டுவந்து ஏலம் விடும் பழக்கம் அறுப்பின் பண்டிகையில் தொடர்கிறது. ஒரு பூசணிக்காய் சந்தை விலையைப் போலப் பல மடங்குக்கு அங்கே போவதுண்டு.