பத்தாயிரம் ரூபாயும் நந்தன் கொடுத்த தோலும்

1940ஆம் ஆண்டு ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தாம் தோற்றுவித்த பல்கலைக்கழகத்திற்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்தார். தமிழில் இசைப்பாட்டு இயற்றுவோரைப் பரிசும் உதவித்தொகையும் தந்து ஊக்குவிக்கவேண்டும் என்பது நோக்கம். தமிழிசை இயக்கத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அநேகமாக இந்தத் தொகையைத் தொட்டுவிட்டுத்தான் மேலே போகிறார்கள். நானும் அதிலிருந்தே தொடங்குகிறேன். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். பரிசு என்று ஒன்று வந்துவிட்டால் அதைத் தீர்மானிக்க ஒரு காது வேண்டும். அது யாருடைய காது?

நான் குள்ளஞ்சாவடிக்காரன். கடலூரிலிருந்து விருத்தாசலம் போகிற சாலையில் எங்கள் ஊர். அந்தப் பக்கம் குறிஞ்சிப்பாடி, வடலூர், அப்புறம் நெய்வேலிச் சுரங்கம். தெற்கே இறங்கினால் சிதம்பரம். பாட்டை முன்னிட்டுக் கோர்ட்டுக்குப் போன மண் இது. வள்ளலாரின் பாடல்களை 'அருட்பா' என்று சொல்லலாமா, கோயிலில் பாடலாமா என்ற சண்டை முற்றி, 1869இல் ஆறுமுக நாவலர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் மானநஷ்ட வழக்குத் தொடுத்தது ஊரறிந்த கதை. பாட்டுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி இந்தப் பக்கத்தில் அண்ணாமலைச் செட்டியாருக்கு முன்பே இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1929இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் வந்தபோதே அங்கே இசைக்கும் இடம் இருந்தது. மகா வைத்தியநாத ஐயரின் சீடர் சபேச ஐயர், தஞ்சை நால்வர் மரபில் வந்த பொன்னையா பிள்ளை போன்றவர்கள் பாடம் சொன்னார்கள். படித்து முடித்தவருக்கு 'சங்கீத பூஷணம்' பட்டம். குருவின் திண்ணையில் பல வருஷம் கிடந்து கற்ற ஒன்று, பாடத்திட்டம், தேர்வு, மதிப்பெண் என்று மாறியதை வெறும் நிர்வாக மாற்றமாகப் பார்க்க முடியாது. திண்ணையில் யாரைச் சேர்ப்பது என்பதை குருவின் சாதி தீர்மானித்தது. பல்கலைக்கழகத்தில் அப்படி வெளிப்படையாகச் சொல்ல முடியாது. 'தரம்' என்று சொல்லலாம்.

அந்தச் சொல் 1941இல் பகிரங்கமாக மேடையேறியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடி, தமிழ்ப் பாட்டுக்குக் கச்சேரியில் முதன்மை வேண்டும் என்றது. டிசம்பரில் சென்னை சங்கீத வித்வத் சபை, சங்கீதத்தின் தரமே முக்கியம், மொழியை முன்னிட்டு அது பாதிக்கப்படக் கூடாது என்று பதில் தீர்மானம் போட்டது. கல்கியும் டி.கே.சி.யும் தமிழிசைப் பக்கம் நின்று சண்டை போட்டார்கள். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை பாடல்களெல்லாம் மறுபடி புழக்கத்துக்கு வந்தன. இது சாதாரணக் காரியமில்லை. தெலுங்கும் சமஸ்கிருதமும் இல்லாமல் சங்கீதமே இல்லை என்றிருந்த ஒரு கருத்தியலை அந்தப் பத்தாயிரம் ரூபாய் அசைத்துப் பார்த்தது. செட்டியாரின் பணம் என்பதற்காக இதைக் குறைத்துப் பேசுகிற தோழர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

போட்டியும் பரிசும் இசைக்கு உள்ளிருந்து முளைத்தவை அல்ல, வெளியே இருக்கிற அதிகாரங்கள் கொண்டுவந்து நடுபவை. பியானோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1918இல் மறுபடி சுதந்திர நாடான போலந்து, 1927இல் வார்சாவில் ஷோப்பான் பெயரால் பியானோப் போட்டி தொடங்கியது. தேசத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. 1958இல் மாஸ்கோவில் சைக்கோவ்ஸ்கி போட்டியை சோவியத் அரசு நடத்தியது. பரிசு வான் கிளைபர்ன் என்ற அமெரிக்கப் பையனுக்குப் போயிற்று. ஊர் திரும்பியவனுக்கு நியூயார்க் தெருவில் காகிதத் துண்டுகள் தூவி ஊர்வலம் வைத்தார்கள். பனிப்போர்க் காலத்தில் பியானோ வெறும் பியானோவாக இருக்க முடியாது. நம் பக்கத்திலும் ஒருத்தர் உண்டு. மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார் பியானோ பயின்றவர். மெட்னர் என்ற ருஷ்ய இசைஞரின் படைப்புகளை லண்டனில் இசைத்தட்டாக்க அவர் பணம் கொடுக்க, மெட்னர் சொசைட்டி உருவானது. மெட்னர் தம் மூன்றாம் பியானோ கச்சேரிப் படைப்பை மகாராஜாவுக்கே காணிக்கையாக்கினார். ஒரே பத்தாண்டுக்குள் இரண்டு தென்னிந்தியப் பணப்பைகள். ஒன்று ருஷ்ய பியானோவுக்கு, இன்னொன்று தமிழ்ப் பாட்டுக்குத் திறந்தது. இரண்டும் இசையை வாழவைத்தன, இரண்டும் எது இசை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டுப் போயின.

இந்த இடத்தில் நந்தன் வந்தாகவேண்டும். சிதம்பரத்தைப் பற்றிப் பேசிவிட்டு நந்தனைத் தவிர்க்க யாராலும் முடியாது.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை, தமிழ்ப் பாட்டைத் தூக்கிப் பிடித்தவர்களின் பெரிய சொத்து. பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் பண்ணையாரைப் பாரதியார் நுழைத்தார் என்பது தெரிந்ததே. 1942இல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' படத்தில் நந்தனாக நடித்தவர் எம்.எம். தண்டபாணி தேசிகர். நாலு வருஷம் கழித்து, 1946இல், திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையில் அவர் தமிழ்ப் பாட்டொன்று பாட, சன்னிதானமே தீட்டாகிவிட்டதாக அங்கே பேச்சு எழுந்தது. 'குடி அரசு' அதைச் சும்மா விடவில்லை. 'தீட்டாயிடுத்து' என்ற தலைப்பிலேயே மு. கருணாநிதி எழுதினார்.

யோசித்துப் பாருங்கள். திரையில் தீண்டத்தகாதவனாக நடித்தவருக்கு, நிஜ மேடையில் தமிழ் பாடியதற்காகத் 'தீட்டு' என்ற சொல் கிடைக்கிறது. தமிழிசைக்காரர்கள் இதைத் தமிழுக்கு நேர்ந்த அவமானம் என்று வாசித்தார்கள். சரிதான். ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து இரவல் வாங்கப்பட்டது? தமிழுக்குத் தீட்டு என்றால் கொதிக்கிற சொல்லாடல், எங்கள் பக்கத்துச் சேரிக்காரன் அடிக்கிற பறையைத் தீட்டென்று சொன்னபோது ஏன் கொதிக்கவில்லை? தேசிகரை நான் குறை சொல்லவில்லை. பின்னாளில் அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறைக்கே தலைமை வகித்தார். ஆக, மொழிக்கு ஏற்பட்ட தீட்டு இருபது வருஷத்துக்குள் கழிந்துவிட்டது.

சேக்கிழார் சொல்லுகிற ஒரு தகவல் கீர்த்தனையின் பக்திப் பெருக்கில் அமுங்கிக் கிடக்கிறது. ஆதனூர் நந்தன் என்ன செய்துகொண்டிருந்தான்? சிவன் கோயில்களின் பேரிகை முதலான கருவிகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்துவந்தான். அதாவது, கோயிலுக்குள் ஒலித்த இசையின் மூலப்பொருள் அவன் கையிலிருந்து போனது. சத்தம் உள்ளே போகலாம், தோல் உள்ளே போகலாம். அவன் மட்டும் நெருப்பில் இறங்கித்தான் போகவேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பிரதி ஒன்று இசையின் உற்பத்தி உறவை இவ்வளவு பச்சையாகப் பதிவுசெய்திருக்கிறது. பரிசுக் குழுக்களின் காது இதைக் கேட்டதில்லை. பியானோவின் வெள்ளைக் கட்டைகளும் ஒரு காலத்தில் யானைத் தந்தம்தான். அதை ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து தலையில் சுமந்துவந்தவன் பெயரை எந்தப் போட்டி மேடையில் அறிவித்தார்கள்?

உதவித்தொகை விஷயத்தையும் ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. வீணை தனம்மாளின் பேரன், புல்லாங்குழல் டி. விசுவநாதன் 1958இல் ஃபுல்பிரைட் உதவியில் லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகம் போனார். பிறகு வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், ஆய்வாளர். சென்னையில் சபாக்களால் ஓரங்கட்டப்பட்ட ஒரு மரபுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் நாற்காலி போட்டது. அவரிடம் படித்த ஜான் ஹிக்கின்ஸ் அதே ஃபுல்பிரைட்டில் 1960களில் சென்னை வந்து, கொஞ்ச நாளிலேயே திருவையாற்று ஆராதனையில் பாடினார். நன்றாகவே பாடுவார், அதில் தகராறு இல்லை. கனெக்டிகட்டிலிருந்து திருவையாற்றுக்கு ஒரு ஆய்வு மாணவனுக்குக் கிடைத்த வழி, காவேரிக்கரைச் சேரியிலிருந்து அதே பந்தலுக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பறையடிக்கிற பெரியவர் ஒருவரிடம் இதையெல்லாம் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பரிசு குடுக்கறது இருக்கட்டும் தம்பி. அடிக்கமாட்டேன்னு சொன்னா ஊர்ல வுடுவாங்களா, அதக் கேளு மொதல்ல" என்றார். பியானோக்காரனுக்குப் போட்டியிலிருந்து விலகும் உரிமை இருக்கிறது. பறையைச் சாவுக் கடமையாகச் சுமந்தவருக்கு விலகுவதே போராட்டம். ஒருபுறம் பறையை உடைத்து எறிந்தவர்கள், மறுபுறம் 1990களில் அதையே விடுதலையின் குரலாக மேடையேற்றியவர்கள். மதுரையில் தியாஃபிலஸ் அப்பாவு, திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள். இந்த இரண்டு நிலைக்கும் நடுவே நியாயம் பிரித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ வந்தபோது சந்தோஷப்பட்டேன். அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியையும் மறக்க முடியவில்லை.

சிதம்பரத்தில் 1916லேயே சுவாமி சகஜானந்தா நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கிவிட்டார். தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படிக்க. பல்கலைக்கழகம் வந்தது அதற்குப் பதின்மூன்று வருஷம் கழித்து. தமிழிசை வரலாறுகள் பின்னதை மட்டுமே சிதம்பரம் என்று எழுதுகின்றன.

மிருதங்கம் செய்கிற தலித் கிறித்துவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வெளிவந்தது. மாட்டுத்தோல், அதை அறுக்கிற கை, அதைத் தட்டிப் புகழ் பெறுகிற கை என்று எல்லாமே அதில் இருக்கிறது. வெளியீட்டு விழாவுக்குக் கலாக்ஷேத்ரா முதலில் அரங்கு தருவதாகச் சொல்லிவிட்டு, பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா சென்னையில் ஒரு பத்திரிகையியல் கல்லூரிக்கு மாறியது. அங்கே வந்து பேசியவர்களில் ஒருவர் சிதம்பரம் தொகுதி எம்.பி. தொல். திருமாவளவன்.