எஸ்போசிட்டோ (குடும்பப்பெயர்)

எஸ்போசிட்டோ என்பது தென் இத்தாலியக் குடும்பப்பெயர். நேப்பிள்ஸ் நகரில் மிகுதியாக வழங்கும் குடும்பப்பெயர் இதுவே. பெற்றோர் வளர்க்க இயலாமல் விட்டுச்சென்ற குழந்தைகளுக்கு இடப்பட்ட பெயர்களுள் இது தலையாயது.

பெயர்க்காரணம்

வெளியே வைத்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிறந்த 'எக்ஸ்போசித்துஸ்' என்னும் சொல்லே இதன் மூலம். 'வெளியே வைக்கப்பட்டவர்' என்பது பொருள். ஸ்பானியப் பெயரான 'எக்ஸ்போசிதோ'வும் இதே வேரினது.

வரலாறு

கைவிடப்பட்ட குழந்தைகளைப் பேணிய நேப்பிள்ஸின் சாந்திசிமா அனுன்சியாத்தா இல்லம் 14ஆம் நூற்றாண்டில் தோன்றியது. அதன் வெளிச்சுவரில் சுழலும் மர உருளை ஒன்று பதிக்கப்பட்டிருந்தது; மக்கள் அதை 'ரோத்தா', அதாவது சக்கரம் என்றனர். வறுமையாலோ ஊர்ப்பழிக்கு அஞ்சியோ வரும் தாய் குழந்தையை அதில் கிடத்திச் சுழற்றுவாள்; உள்ளே காத்திருப்பவர் எடுத்துக்கொள்வார். கொடுத்தவர் முகம் வெளிப்படாது. பிற்காலத்தில் மீட்டுக்கொள்ளும் நம்பிக்கையில் பாதியாக வெட்டிய பதக்கத்தையோ துணித்துண்டையோ குழந்தையோடு வைத்தவர்களும் உண்டு.

எஸ்போசிட்டோ எனப் பெயரிடப்பட்ட இக்குழந்தைகளை நகரத்தார் 'மாதாவின் பிள்ளைகள்' என அழைத்தனர். இல்லத்தில் வளர்ந்த பெண்களுக்குத் திருமணச் சீதனமும் வழங்கப்பட்டது. ஆகவே எஸ்போசிட்டோ இழிவுப் பெயரன்று. தந்தை பெயர் இல்லாத குழந்தையைப் பதிவேட்டிலும் சமூகத்திலும் சேர்த்த அடைக்கலப் பெயர். ஆயினும் அது பிறப்பைக் காட்டிக்கொடுத்ததால், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேப்பிள்ஸை ஆண்ட முராவின் அரசு இப்பெயரிடும் வழக்கத்தைத் தடுத்தது. அனுன்சியாத்தாவின் சக்கரம் 1875இல் மூடப்பட்டது.

இதையொத்த பெயர்கள்

இத்தகைய குழந்தைகளுக்கு இத்தாலியின் பல நகரங்கள் தமக்கெனப் பெயர் வைத்திருந்தன. ரோமில் புரொயெத்தி, இதற்கு 'எறியப்பட்டவர்' என்பது பொருள். புளோரன்சில், புருனெல்லெஸ்கி வடிவமைத்து 1445இல் திறக்கப்பட்ட குழந்தைகள் இல்லத்தின் பெயரால் இன்னொச்செந்தி. மிலானில், அங்குள்ள பெரிய மருத்துவமனையின் சின்னமான புறாவால் கொலொம்போ. 'கண்டெடுக்கப்பட்டவர்' என்னும் பொருளில் த்ரொவாத்தோ, 'இறைவன் வளர்ப்பாராக' என்னும் வாழ்த்தாக தியொத்தல்லேவி ஆகியனவும் இவ்வகையின. இவற்றுள் கொலொம்போ கைவிடப்பட்ட குழந்தைகளின் வழிவராத குடும்பங்களுக்கும் உரிய பழம்பெயர்.

இன்று

பெற்றோர் அறியப்படாத குழந்தைக்குப் பிறப்பைச் சுட்டும் பெயரிடுவதை இத்தாலியச் சட்டம் தடுக்கிறது. தத்துவ அறிஞர் ரொபெர்த்தோ எஸ்போசிட்டோ, நடிகர் ஜான்கார்லோ எஸ்போசிட்டோ ஆகியோர் இப்பெயரினர்.