சிவப்புத் தொலைபேசி இல்லாத நாட்கள்

வல்லரசுத் தலைவர்களின் மேசையில ஒரு சிவப்புத் தொலைபேசி இருக்கும் எண்டுதான் படங்களைப் பார்த்து நாங்கள் நம்பியிருந்தோம். வரலாறு வேற.

1962 ஒக்டோபரில் சோவியத் ஒன்றியம் கியூபாவில் அணு ஏவுகணைகளை நிறுத்தியிருப்பது தெரியவந்தபோது, மொஸ்கோவுக்கும் வோஷிங்டனுக்கும் இடையே நேரடி இணைப்பே இருக்கவில்லை. சோவியத் தூதுவர் டொப்ரினின் தன் இரகசியச் செய்திகளைச் சாதாரண தந்திக் கம்பனி மூலமாகத்தான் அனுப்பினார். அதை வாங்கிப்போக ஒரு பெடியன் சைக்கிளில் வருவான்.

ஒக்டோபர் 26 குருஷேவ் அனுப்பிய இணக்கமான கடிதம் கென்னடியிடம் முழுசாய்ச் சேரக் கிட்டத்தட்ட 12 மணித்தியாலம் எடுத்தது. பதில் போகமுதலே, 27ஆம் திகதி மொஸ்கோ வானொலியில் கடுமையான இரண்டாவது கடிதம்: துருக்கியிலுள்ள அமெரிக்க ஏவுகணைகளையும் அகற்று! மொஸ்கோவில் ஆட்சி கைமாறிவிட்டதோ என்றுகூட வெள்ளை மாளிகையில் சந்தேகம். அதேநாள் அமெரிக்காவின் யூ-2 விமானம் கியூபாவில் சுட்டு வீழ்த்தப்பட்டது. உத்தரவிட்டது குருஷேவ் அல்ல, அங்கிருந்த சோவியத் தளபதிகள். ஆனால் இதைக் கென்னடி எப்படி அறிவார்?

28ஆம் திகதி, ஏவுகணைகளை அகற்றும் முடிவைக் குருஷேவ் வானொலியிலேயே அறிவித்தார். தந்திக்காகக் காத்திருக்க நேரமில்லை.

1963 ஓகஸ்டில் நேரடி இணைப்பு வந்தது. அது தொலைபேசியல்ல, எழுத்தை அச்சிடும் தொலைஅச்சு இயந்திரம். பேச்சில் வாய் தவறலாம், மொழிபெயர்ப்பும் பிசகலாம். எழுத்தை ஆறுதலாய் வாசித்து யோசிக்கலாம்.

அதனால் பகை தீரவில்லை. பனிப்போர் பிறகும் பல வருடம் நீடித்தது. ஆனால் சந்தேகம் வந்தால், சுடமுதல் கேட்க ஒரு வழி இருந்தது. 1962இல் அதுதான் இல்லாமல் போனது.