இரும்பில் எழுதிய வரலாறு: பழந்துப்பாக்கிச் சேகரிப்பும் அதன் நெறிமுறைகளும்

பள்ளிவாசல் முகப்பு, மீஸான் கல், நாணயம், ஓலைச்சுவடி ஆகியவற்றில் உள்ள எழுத்துகளை வரலாற்றுச் சான்றுகளாக ஏற்கும் நாம், போர்க்கருவிகளின் மீதுள்ள எழுத்துகளை அவ்வாறு மதிப்பதில்லை. போர் முடிந்ததும் கருவி பழைய இரும்பாகிவிடுகிறது என்பதே பொதுவான எண்ணம். ஆனால் இஸ்லாமிய நாகரிகத்தில் கருவியும் எழுத்தைத் தாங்கியே வந்துள்ளது. வாளில் அரசரின் பெயர், துப்பாக்கியில் பட்டறையின் பெயர், பீரங்கியில் வார்த்த ஆண்டு என அவை தம் வரலாற்றைத் தாமே சொல்கின்றன. அவற்றைக் காப்பதற்கு எத்தகைய நெறி வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விழைவது.

பழைய படைக்கருவிகளைத் தொகுத்துப் பேணுதல் நமக்குப் புதிதன்று. மம்லூக் ஆட்சிக்காலத்தில், கைப்பற்றப்பட்டும் அன்பளிப்பாகவும் வந்த ஐரோப்பிய வாள்கள் அலெக்ஸாண்டிரியாவின் ஆயுதக் களஞ்சியத்தில் வைக்கப்பட்டன. அவற்றின் அலகில் அரபி வாசகங்கள் பொறிக்கப்பட்டன. இன்று பல நாட்டு அருங்காட்சியகங்களில் உள்ள அவ்வாள்களுக்குக் காலமும் வரலாறும் கணிக்க உதவுபவை அந்த அரபி வரிகளே. உஸ்மானியர் இஸ்தன்பூலின் ஐரீன் கட்டடத்தைப் படைக்கருவிக் களஞ்சியமாக வைத்திருந்தனர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கேயே பழங்கருவிகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. துருக்கியின் இராணுவ அருங்காட்சியகத்திற்கு அதுவே தொடக்கம்.

அரசுக் களஞ்சியம் ஒன்றே இப்பணியைச் செய்து முடித்துவிடாது. போர் ஓய்ந்தபின் உபரியாகும் இலட்சக்கணக்கான துப்பாக்கிகளில் அருங்காட்சியகத்திற்குச் செல்பவை மிகச் சில. எஞ்சியவை உருக்கப்படும்; அல்லது விற்கப்படும். விற்கப்பட்டவை எவர் கைக்குச் செல்கின்றன, எவ்வாறு கணக்கில் வைக்கப்படுகின்றன என்பதை வரையறுக்கும் சட்டங்களில் அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சட்டம் விரிவானது.

அந்நாட்டின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழமையை இரு நிலைகளாகப் பிரிக்கிறது. 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டவை தொல்பொருட் துப்பாக்கிகள். இவை அச்சட்டத்தின் பெரும்பாலான கட்டுப்பாடுகளுக்கு வெளியே நிற்கின்றன. அதன் பின்னர் செய்யப்பட்டுக் குறைந்தது 50 ஆண்டுகள் கடந்தவை அரும்பொருட் துப்பாக்கிகள். 50 ஆண்டு நிறையாவிடினும், அரசு அருங்காட்சியகக் காப்பாளர் ஒருவர் சான்றளித்தவையும், வரலாற்று மனிதர் அல்லது நிகழ்வின் தொடர்பால் பெருமதிப்புப் பெற்றவையும் இவ்வகையில் சேரும். பழைய வடிவில் இன்று செய்யப்படும் போலிகளுக்கு இந்த ஐம்பதாண்டு விதி பொருந்தாது.

அரும்பொருட் துப்பாக்கிகளைச் சேகரிப்போருக்குத் தனி உரிமம் உண்டு. கட்டணம் 3 ஆண்டுகளுக்கு 30 டாலர். உரிமம் பெற்றவர் அவ்வகைத் துப்பாக்கியை வேறு மாநிலத்திலிருந்தும் நேரடியாகப் பெறலாம். இந்தச் சலுகைக்கு ஈடாக அவர்மீது கடமைகளும் சுமத்தப்பட்டுள்ளன. வந்த ஒவ்வொரு துப்பாக்கியையும், யாரிடமிருந்து எப்போது வந்தது, எவருக்கு எப்போது சென்றது என்ற விவரத்துடன் பதிவேட்டில் எழுதவேண்டும். அரசு அலுவலர் கேட்டால் பதிவேட்டைக் காட்டவேண்டும். இவ்வுரிமத்தைக் கொண்டு வணிகம் நடத்தக்கூடாது. இயந்திரத் துப்பாக்கி போன்றவை எவ்வளவு பழையவையாயினும், 1934ஆம் ஆண்டின் தனிச் சட்டத்திற்கும் உட்பட்டவையே. மாநிலச் சட்டங்களும் தனியே நிற்கும்.

அந்நாட்டில் துப்பாக்கியால் நிகழும் உயிரிழப்புகளை அறிந்தவர்கள், இத்தகைய சலுகை எதற்கு என வினவுதல் நியாயமே. எனினும் பதிவேடு என்னும் இந்த ஏற்பாட்டில் ஆராய்ச்சிக்குரிய பயன் ஒன்று உண்டு. பொருள் எங்கிருந்து வந்தது என்ற சங்கிலி அறுபடாமல் இருக்கிறது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரின் அருமையை அறிந்த நமக்கு இதன் மதிப்பை விளக்க வேண்டியதில்லை.

இச்சட்டம் நம் துறையோடு நேரே தொடர்புறும் இடம் ஒன்றைக் காண்போம். சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது ஆட்சியில், 1887ஆம் ஆண்டு, உஸ்மானிய அரசு ஜெர்மனியின் மௌசர் நிறுவனத்தோடு ஏறத்தாழ 5 இலட்சம் ரைபிள்களுக்கு ஒப்பந்தம் செய்தது. 1890, 1893, 1903 ஆகிய ஆண்டுகளின் வடிவங்கள் பின்னர் வந்தன. அவற்றில் சுல்தானின் துக்ரா முத்திரை இருந்தது. செய்த ஆலையின் பெயர் அரபி எழுத்தில் பொறிக்கப்பட்டது. குறிபார்க்கும் தகட்டில் தொலைவைக் காட்டும் எண்களும் அரபி எண்களே. குடியரசு அமைந்தபின், 1930களில், இவற்றுள் பல அங்காராவில் புதுக்கப்பட்டன. அப்போது பலவற்றில் துக்ரா தேய்த்து அழிக்கப்பட்டு, லத்தீன் எழுத்துகள் பதிக்கப்பட்டன. 1928ஆம் ஆண்டின் எழுத்து மாற்றத்தை ஏட்டில் படிப்பதைவிட, ஒரே எஃகுத் துண்டில் அழிந்த எழுத்தையும் ஏறிய எழுத்தையும் அருகருகே காண்பது தெளிவான பாடமாகும்.

படை உபரித் துப்பாக்கிகளின் இறக்குமதியை 1968ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. 1984ஆம் ஆண்டுத் திருத்தம் அரும்பொருள் வகைக்கு மட்டும் அவ்வழியைத் திறந்தது. 1990களில் துருக்கியின் மௌசர்கள் அமெரிக்கச் சந்தைக்குப் பெருமளவில் சென்றன. அங்கே அவற்றின் சட்ட நிலையை முடிவுசெய்தது ஆண்டு. ஆண்டைச் சொன்னது அரபி எண். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. உஸ்மானிய நிர்வாகத்தில் ஹிஜ்ரி ஆண்டோடு, மார்ச் மாதத்தில் தொடங்கும் ரூமி என்னும் நிதியாண்டும் வழங்கிற்று. ஒரு கருவியில் 1315 என இருப்பதாகக் கொள்வோம். ஹிஜ்ரி எனில் அது 1897-98. ரூமி எனில் 1899-1900. முதற்கணக்கில் அது தொல்பொருள், இரண்டாவதில் அன்று. நாட்காட்டி அறிவு இல்லாதவர் வரலாற்றில் மட்டுமன்றிச் சட்டத்திலும் பிழைபட நேரும்.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான சான்று உண்டு. ஷஹீத் திப்பு சுல்தான் தம் பட்டறைகளில் செய்வித்த சக்கிமுக்கித் துப்பாக்கிகள், 1799ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் கொள்ளைப்பொருளாகச் சிதறின. அவர் ஏற்படுத்திய மவ்லூதி ஆண்டு ஹிஜ்ரியிலிருந்து வேறுபட்டது. அவருடைய நாணயங்களில் அதன் இலக்கங்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டன. துப்பாக்கிகளும் அக்கணக்கையே தாங்கின. இவற்றைப் பற்றிய தனி நூலை 1992இல் வெளியிட்டவர் ராபின் விகிங்டன் என்னும் ஆங்கிலேயச் சேகரிப்பாளர். மைசூரின் கைவினையைப் பற்றிய அந்நூல், கொள்ளைபோன பொருளைச் சேகரித்த ஒருவர் வீட்டில் பிறந்தது என்பது நமக்கு மகிழ்வையும் வருத்தத்தையும் ஒருங்கே தருகிறது. 2005இல் அவருடைய தொகுப்பும் ஏலத்திற்கு வந்தது. ஏலம் ஒரு தொகுப்பைப் பல கைகளுக்குப் பிரித்துவிடும். நூலாக்கப்பட்ட அறிவே பிரியாமல் நிற்கும்.

இந்தியச் சட்டத்தையும் அறிதல் வேண்டும். 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள கருவிகளுக்கு விலக்களிக்கிறது. ஆனால் பழமை மட்டும் போதாது. செப்பனிட்டாலும் சுடுவதற்குப் பயன்படாத நிலையில் அது இருக்கவேண்டும். சுடத்தக்கதெனில் பாட்டனார் காலத்ததாயினும் உரிமம் தேவை. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. வாரிசுரிமையாக வருபவையும் இவ்வரம்பில் அடங்கும். நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.

சட்டம் புறத்தே நின்று காப்பது. ஒழுக்கம் அகத்தே நின்று காப்பது. உருவிய வாளை ஒருவர் மற்றவரிடம் கொடுப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பள்ளிவாசலிலும் சந்தையிலும் அம்புகளோடு செல்பவர் அவற்றின் முனைகளைப் பற்றிக்கொள்ளுமாறு பணித்தார்கள். போர்க்களத்திற்கு வெளியே கருவியால் எவருக்கும் சிறு கீறலும் நேரக்கூடாது என்பதே இவற்றின் கருத்து. பழந்துப்பாக்கியில் குண்டு இல்லை என்று நம்பி விளையாடுவோருக்கும், பெருமைக்காகச் சுவரில் மாட்டுவோருக்கும் இதில் படிப்பினை உண்டு. சேகரிப்பாளர் அப்பொருளின் அதிபதி அல்லர். தமக்குப் பின் வருவோருக்காக அதைத் தாங்கும் அமானத்தாளர்.

ஆகவே, பழங்குடும்பத்தின் பரணில் இத்தகைய கருவி கிடைக்குமாயின், அச்சத்தால் ஆற்றில் எறிவதும், பளபளப்புக்காக எழுத்தைத் தேய்ப்பதும், இரும்புக் கடைக்கு அனுப்புவதும் முறையன்று. அதை இயக்கிப் பார்க்காமல், உரிமம் வழங்கும் மாவட்ட நிர்வாகத்திற்குத் தெரிவித்து, அதன் எழுத்துகளைத் தக்கவர் துணையோடு பதிவுசெய்தலே முறை. அத்தக்கவர்களை உருவாக்கும் பொறுப்பு நம் அரபிக் கல்லூரிகளுக்கு உண்டு. நஹ்வும் ஸர்ஃபும் கற்கும் மாணவர், எழுத்துக்கலையையும் நாட்காட்டிக் கணக்கையும் சிறிதேனும் கற்பாராயின், துருப்பிடித்த இரும்பிலும் நம் முன்னோரின் வரலாறு படிக்கக் கிடைக்கும். அவ்வறிவை அளிக்க வல்ல அல்லாஹ் போதுமானவன்.