பெயர் தெரியாத மாத்திரை

1938இல் லண்டனில் உயிர்வேதியியலாளர் சார்லஸ் டாட்ஸும் அவரது குழுவினரும் ஒரு செயற்கை ஈஸ்ட்ரோஜனை உருவாக்கினார்கள். டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்பது அதன் பெயர், சுருக்கமாக டி.இ.எஸ். பொதுப்பணத்தில் நடந்த ஆய்வு அது. காப்புரிமை எதுவும் பெறப்படவில்லை. மலிவான மருந்து, மாத்திரையாக விழுங்கலாம், யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். அமெரிக்காவில் 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வெவ்வேறு பெயர்களில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தன.

1941இல் மாதவிடாய் நின்ற பெண்களின் தொந்தரவுகளுக்கு அமெரிக்க அரசு அனுமதித்த அந்த மாத்திரை, 1947 முதல் கர்ப்பிணிகளுக்கும் அனுமதிக்கப்பட்டது. கரு கலையாமல் காக்கும் என்று ஹார்வர்டு ஆய்வாளர்களான ஆலிவ் ஸ்மித், ஜார்ஜ் ஸ்மித் தம்பதியர் சொன்னார்கள். ஒன்றிரண்டு குழந்தைகளைக் கருவிலேயே இழந்த பெண் அதை மறுப்பாளா? எந்தச் சிக்கலும் இல்லாத கர்ப்பிணிகளுக்குக்கூட, குழந்தை திடமாகப் பிறக்கும் என்று சொல்லி எழுதிக்கொடுத்தார்கள்.

அது பயன் தருகிறதா என்று முறையாகச் சோதித்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டீக்மேன். 1950க்கும் 1952க்கும் இடையில் சுமார் 1,600 கர்ப்பிணிகளில் பாதிப்பேருக்கு டி.இ.எஸ்., மீதிப்பேருக்கு வெற்று மாத்திரை. 1953இல் முடிவு வெளியானது: கருச்சிதைவு குறையவில்லை. ஆனாலும் மருத்துவர்கள் மேலும் 18 ஆண்டுகள் அதை எழுதிக்கொண்டிருந்தார்கள். சிகாகோவில் மாத்திரை விழுங்கிய பெண்களோ, தாங்கள் ஒரு சோதனையில் இருந்ததே தங்களுக்குத் தெரியாது என்று பின்னாளில் நீதிமன்றத்தில் சொன்னார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து அவர்களுக்குத் தகவல் வந்தது 1975, 1976 வாக்கில். அதற்குள் அவர்களுடைய மகள்களுக்கு இருபது வயது கடந்திருந்தது.

வயதான பெண்களுக்கே அரிதாக வரும் ஒருவகை யோனிப் புற்றுநோய், பாஸ்டனில் 15 முதல் 22 வயது வரையிலான பெண்களுக்கு வந்தது. மருத்துவர்கள் குழம்பினார்கள். நோயுற்ற ஒரு பெண்ணின் தாய்தான் முதலில் கேட்டார்: நான் கர்ப்பமாக இருந்தபோது சாப்பிட்ட மாத்திரை காரணமாக இருக்குமா? ஹெர்ப்ஸ்ட், உல்ஃபெல்டர், போஸ்கான்சர் மூவரும் அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தார்கள். அவர்கள் ஆராய்ந்த 8 நோயாளிகளில் 7 பேரின் தாய்மார் டி.இ.எஸ். எடுத்திருந்தார்கள். ஒப்பிடுவதற்காகச் சேர்த்துக்கொண்ட 32 பெண்களின் தாய்மாரில் ஒருவர்கூட எடுத்திருக்கவில்லை. 1971 ஏப்ரலில் கட்டுரை வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் கர்ப்பிணிகளுக்கு இதைத் தரக்கூடாது என்று அரசு அறிவித்தது.

அதே 1971இல் ஹெர்ப்ஸ்ட் இந்தப் புற்றுநோய்க்கென ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். நோய் உறுதியான பெண்களின் விவரங்களை மருத்துவர்கள் அதற்கு அனுப்பிவைத்தார்கள். மருந்தின் தாக்கத்துக்கு உள்ளான மகள்களில் சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது என்ற கணக்கெல்லாம் இத்தகைய வேலையில் கிடைத்ததுதான். அதன் மதிப்பை நான் குறைக்கமாட்டேன். ஆனால் புற்றுநோய் வந்த பிறகே ஒரு பெண் அந்தப் பதிவேட்டுக்குள் வரமுடியும். நோய் வராதவள், கருத்தரிக்க முடியாதவள், தான் எதற்கு ஆளானோம் என்றே அறியாதவள் ஆகியோருக்கு அதில் இடமில்லை.

அந்த இடத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் பேட் கோடி. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கணவருடன் புத்தகக்கடை நடத்தியவர், கர்ப்பகாலத்தில் டி.இ.எஸ். எடுத்தவர். 1970களின் நடுவில் அவரும் வேறு சில பெண்களும் கூடித் தொடங்கிய வேலை ‘டி.இ.எஸ். ஆக்‌ஷன்’ என்ற அமைப்பாக வளர்ந்தது. துண்டறிக்கை அச்சிட்டார்கள். கர்ப்பகாலத்தில் என்ன மாத்திரை எடுத்தீர்கள் என்று தாய்மாரைக் கேட்டார்கள். மகள்களுக்கு எந்தப் பரிசோதனை தேவை, அதைச் செய்யத் தெரிந்த மருத்துவர் யார் என்று தகவல் சேர்த்தார்கள். தானே விழுங்கி மகளுக்குக் கொடுத்துவிட்டோமே என்ற குற்றவுணர்வில் வாய்திறக்காமல் இருந்த தாய்மாரைப் பேசவைத்ததும் இந்த வேலையின் பகுதிதான்.

அவர்கள் முட்டிமோதியது ஆவணம் இல்லை என்ற சுவரில். மருத்துவர் இறந்துபோயிருந்தார், அல்லது பழைய கோப்புகளைக் கழித்துப்போட்டிருந்தார், அல்லது தர மறுத்தார். மருந்துக்கடைச் சீட்டை இருபது வருடம் யார் வைத்திருப்பார்கள்? எந்த நிறுவனத்தின் மாத்திரை என்று சொல்லமுடியாத பெண்ணால் யார்மீது வழக்குப் போடமுடியும்? ஜூடித் சிண்டெல் வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1980இல் இதற்கு ஒரு வழி கண்டது. தயாரித்தவர் யாரென்று காட்டமுடியாதபோது, சந்தையில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இருந்த பங்கின் அளவுக்கு அது பொறுப்பேற்கவேண்டும் என்றது. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் இந்தத் தீர்ப்பின் அடியில் இருப்பது, தொலைந்துபோன ஒரு மருந்துச்சீட்டு.

இந்த வரலாற்றை நான் மீண்டும் புரட்டியதற்குக் காரணம், அண்மையில் எனக்கு வந்த ஓர் அழைப்பு. நீரிழிவுக்காக வாரம் ஒருமுறை செமாக்ளூடைட் ஊசி போட்டுக்கொள்கிறேன். அது ஒரு பெப்டைட். அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோத்த மருந்து. பெப்டைட் எடுப்பவர்கள் தாங்களே நடத்தும் பதிவேட்டில் சேரும்படி கேட்டிருந்தார்கள். என்னுடையதுபோல் அனுமதி பெற்ற மருந்துகள் மட்டுமல்ல, காயம் ஆற்றும், இளமை தரும் என்று சொல்லி விற்கப்படும் பி.பி.சி. 157 போன்றவையும் அதில் அடக்கம். ‘ஆய்வுக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று ஒட்டிய குப்பியில் பொடியாக வருவதை வாங்கி, கரைத்து, அளவைத் தானே தீர்மானித்துப் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன நேர்கிறது என்பது எந்த மருத்துவமனைக் கோப்பிலும் ஏறாது. ஆகவே இப்படியொரு பதிவேடு தேவை என்றே நினைக்கிறேன்.

ஆனால் டி.இ.எஸ். இன்னொன்றையும் கற்றுத்தருகிறது. 1950இல் அந்த மாத்திரை சாப்பிட்ட தாய்மாரிடம் அனுபவம் கேட்டு ஒரு பதிவேடு தயாரித்திருந்தால் என்ன வந்திருக்கும்? குழந்தையைக் கையில் ஏந்திய பல பெண்கள் மாத்திரைக்கு நன்றி சொல்லியிருப்பார்கள். மாத்திரை இல்லாமலும் அந்தக் குழந்தைகள் பிறந்திருக்கும் என்பதை டீக்மேனின் ஒப்பீடுதான் காட்டியது. தீங்கோ, மாத்திரை விழுங்கியவரின் உடலைத் தாண்டி, பல ஆண்டுகள் கழித்து மகளின் உடலில் வெளிப்பட்டது. பெண்ணின் அனுபவத்தை நம்பவேண்டும் என்று நாம் சொல்லிவருகிறோம். நம்புவது என்றால் அனுபவத்தால் எதைச் சொல்லமுடியும், எதைச் சொல்லமுடியாது என்று பிரித்தறிவதும்தான். எத்தனை பேர் எடுத்தார்கள் என்று தெரியாத பதிவேட்டால் ஆபத்தின் விகிதத்தைச் சொல்லமுடியாது. யாருக்கும் தெரியாத ஒரு கேள்வியை அதனால் எழுப்பமுடியும். பாஸ்டன் தாய் செய்ததும் அதைத்தான்.

எனவே பதிவேட்டை நடத்துபவர்களுக்குச் சில கேள்விகள் எழுதினேன். மருந்தை நிறுத்திவிட்டுப் போனவர்களையும் தேடிக் கேட்கிறீர்களா? இல்லையென்றால் திருப்தியடைந்தவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். தயாரித்தவர் பெயரும் தொகுதி எண்ணும் பதிவாகிறதா? மாதவிடாய், கருத்தடை, கர்ப்பம் பற்றிக் கேட்கிறீர்களா? டிர்செப்படைட் ஊசியைத் தொடங்கும்போது கருத்தடை மாத்திரையின் பலன் குறையலாம் என்று அந்த மருந்தின் குறிப்பேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. செமாக்ளூடைட்டைக் கர்ப்பத்துக்கு 2 மாதம் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். எத்தனை ஆண்டு தொடர்வீர்கள்? விவரங்களை ஊசி விற்பவர்களுக்குக் கொடுப்பீர்களா? நான் விலகினால் என் பக்கங்களை அழிப்பீர்களா?

முதல் மூன்றுக்கும் கடைசி இரண்டுக்கும் தெளிவான பதில் வந்தது. எத்தனை ஆண்டு என்பதற்கு, தன்னார்வலர்கள் இருக்கும்வரை என்றார்கள். நேர்மையான பதில்தான், ஆனால் போதாது. பிறக்கப்போகும் குழந்தைகளுக்கு இருபது வயதாகும்வரை யாராவது அந்தப் பதிவேட்டைக் காக்கவேண்டும். அதையும் எழுதி அனுப்பிவிட்டுச் சேர்ந்தேன். மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், தொடங்கிய தேதி, அளவு எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. அதன் பிரதியொன்றை மருத்துவச் சீட்டுகளோடு சேர்த்து வீட்டிலும் வைத்திருக்கிறேன். எங்கே வைத்திருக்கிறேன் என்று என் மகளுக்குத் தெரியும்.